சென்னை பேங்க் சொன்ன ஆமாம்

“என் நிக்காஹ்வையும் உளுந்தையும் ஒரே மூட்டையில போட்டுக் கட்டாதீங்க மாமா!”

“நானா கட்டுறேன்? உங்க உம்மாதான் கட்டுறாங்க. சம்பந்தியாகப் போற மனுசன்கிட்ட, உன் பேங்க்ல காசு இருக்கான்னு எந்த வீட்டுல கேப்பாங்க? இந்த ரங்கூன்ல ஒரு வீட்டச் சொல்லு பார்ப்போம்!”

“உம்மா சம்பந்தியா கேக்கல. சரக்கு விக்கிறவங்களா கேட்டாங்க.”

“ரெண்டும் ஒரே ஆளுதானே?”

“அதான் தப்புன்னு சொல்றேன்.”

பல்கீஸ் இரண்டாவது மாடிப் படியில் அப்படியே நின்றுவிட்டாள். முதலில் மூச்சு வாங்கத்தான் நின்றாள். கரண்ட் போய் படிக்கட்டு இருட்டாக இருந்தது. கீழே தெருவில் ஜெனரேட்டர்கள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தையும் மீறி மூன்றாவது மாடியிலிருந்து தம்பி ஜுல்ஃபிகரின் குரலும் மகள் இன்ஷாவின் குரலும் இறங்கி வந்தன.

“உங்க உம்மா வரட்டும். பி.எல்-ல கையெழுத்து வாங்காம நான் இன்னைக்கு சோறு திங்க மாட்டேன்.”

“நீங்க சோறு திங்காம இருந்து நான் பார்த்ததே இல்லையே மாமா.”

பல்கீஸுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மேலே ஏற மனம் வரவில்லை. திரும்பி இறங்கி, பேங்கைப் பார்த்து நடந்தாள். இதற்கு ஒரு முடிவு தெரியாமல் அந்த அறைக்குள் போக அவளுக்கு இஷ்டமில்லை.

போன வாரம் படிக்காமல் விட்டவர்களுக்காக இரண்டு வார்த்தை. பல்கீஸின் வாப்பா பீர் முகைதீன் ஆரம்பித்த உளுந்து ஏற்றுமதிக் கம்பெனியை இப்போது அக்காளும் தம்பியும் நடத்துகிறார்கள். பயின்நவுங் சந்தையில் கொள்முதல் செய்வது ஜுல்ஃபிகர். கியாக்டடா ஆபீசில் உட்கார்ந்து காகித வேலை பார்ப்பது பல்கீஸ். கணவர் இறந்த பிறகு அவளுக்கு இந்தக் கம்பெனியும் இன்ஷாவும்தான் எல்லாம்.

ஆறு கண்டெய்னர் உளுந்து சென்னைக்குக் கப்பலில் போய்க்கொண்டிருக்கிறது. வாங்குகிறவர் அப்துல் பாரி. அவர் மகன் மாஹிருக்குத்தான் இன்ஷாவைப் பேசி முடித்திருக்கிறது. கைக்கூலி, அதாவது மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கும் வரதட்சணை, ஒரு பைசா கிடையாது என்று ஜமாத்துக்கு முன்னால் பல்கீஸ் கறாராகச் சொன்னாள். பாரியும் நெஞ்சில் கை வைத்து, “நாங்க கேக்கவே மாட்டோம்” என்றார். கூடியிருந்தவர்கள் அவரைப் பாராட்டினார்கள். சிலர் கட்டிப் பிடித்தார்கள்.

தொல்லை அதற்கப்புறம்தான். காசுக்கு பேங்கே பொறுப்பேற்கும் எல்.சி திறந்தால் செலவு, அதெல்லாம் அந்நியருக்கு, நமக்குள் எதற்கு என்றார் பாரி. பதிலுக்கு அவருடைய சென்னை பேங்கிலிருந்து ஒரு லெட்டர் அனுப்பினார். இவர் கணக்கில் இந்தச் சரக்குக்குப் போதுமான பணம் இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. இதை வைத்துக்கொண்டு கப்பல் ரசீதை, அதாவது பி.எல்-ஐ, நேராக எனக்குக் கூரியரில் அனுப்பிவிடுங்கள் என்றார். பின்பக்கம் பல்கீஸ் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அந்தக் காகிதம் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் உளுந்து. காசு வந்தாலும் வராவிட்டாலும்.

பல்கீஸ் அந்த லெட்டரை நம்பவில்லை. தன்னுடைய பேங்க் மூலமாக நேராக அந்த பேங்கையே கேட்கச் சொன்னாள். அதற்குத்தான் வீட்டில் இந்தச் சண்டை.

*

பேங்கில் ஏற்றுமதிப் பிரிவைப் பார்ப்பவள் புஷ்பலதா. இன்சீனிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவள். பல்கீஸைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“வந்துடுச்சுக்கா பதில்.”

“என்னன்னு?”

“ஆமாம்னு.”

பல்கீஸுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. போலி என்று பதில் வரும் என்றுதான் அவள் மனசுக்குள் தயாராக இருந்தாள். போலி என்றால் தம்பியிடம் என்ன சொல்வது, மகளிடம் எப்படிச் சொல்வது என்றுகூட நினைத்து வைத்திருந்தாள்.

“நல்லாப் பாத்தியா புஷ்பா?”

“பேங்க்குக்கும் பேங்க்குக்கும் நடுவுல போற மெசேஜ்க்கா இது. நடுவுல வேற யாரும் புகுந்து எழுத முடியாது. லெட்டர் அவங்க குடுத்ததுதான். அந்தத் தேதியில அந்தக் கணக்குல அவ்வளவு பணம் இருந்ததும் நெஜம்தான். பாரி சாரே சம்மதம் குடுத்திருக்காரு, தாராளமா சொல்லுங்கன்னு. அதனாலதான் இவ்வளவு சீக்கிரமா பதில் வந்துச்சு.”

பல்கீஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. “பாவம், நல்ல மனுசன நான் என்னவெல்லாம் நெனச்சுட்டேன்.”

“அக்கா, அவசரப்படாதீங்க. கீழ ஒரு வரி இருக்கு. இதனால எங்க பேங்குக்கு எந்தப் பொறுப்பும் இல்லன்னு.”

“அது எல்லாரும் போடுறதுதானே?”

“போடுறதுதான். ஆனா என்ன அர்த்தம்னு பாருங்க. ஒருத்தங்க வீட்டுல நேத்து கறி இருந்துச்சான்னு கேட்டீங்க. இருந்துச்சுன்னு சொல்லிட்டாங்க. உங்களுக்கு ஆக்கிப் போடுறேன்னு யாரும் சொல்லலியே? இன்னைக்கு அந்தக் கறி சட்டியில கெடக்கா, பூனை தின்னுடுச்சான்னும் தெரியாது.”

“அப்ப எல்.சி?”

“எல்.சி-ன்னா பேங்கே ஆக்கிப் போடுறேன்னு சொல்ற மாதிரி. காகிதமெல்லாம் ஒழுங்கா வந்துச்சுன்னா, பாரி சார் குடுத்தாலும் குடுக்காட்டியும் நான் குடுப்பேன்னு அது எழுதித் தரும். அது வேணாம்னா பி.எல்-ஐ எங்ககிட்ட குடுங்க. நாங்க அவங்க பேங்குக்கு அனுப்புறோம். அவர் காசக் கட்டினாத்தான் அவங்க காகிதத்தக் குடுப்பாங்க.”

“அவர்கிட்ட அதச் சொன்னா, இன்னும் என்மேல நம்பிக்கை வரலியான்னு கேப்பாரு. இந்த லெட்டர் கேட்டதுக்கே ஜுல்ஃபி என்னக் கடிச்சுத் திங்கிறான்.”

புஷ்பலதா சிரித்தாள். “சரி, உங்க சம்பந்தி, உங்க உளுந்து. ஒண்ணு மட்டும் சொல்றேன். அந்தப் பணம் எப்ப வந்துச்சு, யாரு போட்டா, எத்தன நாள் இருக்கும்னு அவங்க சொல்ல மாட்டாங்க. நாம கேக்கவும் முடியாது.”

பல்கீஸ் தலையாட்டினாள். ஆனால் அவள் காதில் அந்த ஆமாம் மட்டும்தான் நின்றது. மனசு நிம்மதியைத் தேடிக்கொண்டிருக்கும்போது வேறெதுவும் உள்ளே போகாது, நமக்கெல்லாம் தெரிந்ததுதானே.

வருகிற வழியில் சூலே பக்கம் ஒரு கடையில், ரவையும் தேங்காய்ப்பாலும் போட்டுச் சுட்ட சனுவின் மகின் ஒரு பெட்டி வாங்கினாள். தம்பிக்குப் பிடிக்கும்.

*

“நான் சொல்லல?” ஜுல்ஃபிகர் மேசையைத் தட்டினான். “நான் சொன்னேனா இல்லியா? பாரி மாமாவப் பத்தி எனக்குத் தெரியும் லாத்தா. தங்கம்!”

“சரிடா. தப்பு என்மேலதான்.”

“தப்புன்னு வாயால சொன்னாப் போதுமா? கூரியர்காரனுக்குச் சொல்லிட்டேன், வந்துகிட்டே இருக்கான். கையெழுத்தப் போடுங்க.”

அவன் பெட்டியைத் திறந்து ஒரு துண்டை எடுத்து முழுசாக வாயில் போட்டான். இன்ஷா ஜன்னலோரம் நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்திலும் ஒரு தெளிவு வந்திருந்தது. அவளுக்கு மாஹிரைப் பிடிக்கும். அதை யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் பல்கீஸுக்குத் தெரியும்.

பல்கீஸ் பீரோவைத் திறந்து பி.எல்-ஐ எடுத்து மேசையில் வைத்தாள். பேனாவையும் எடுத்தாள். அப்புறம் கீழே வைத்துவிட்டாள்.

“மொதல்ல சைதாகிட்ட ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுடறேன். அவருகிட்ட நேரா கேக்க எனக்கு நாக்கு வராது. அவங்க வீட்டம்மாகிட்ட சொன்னா அவரு காதுக்குப் போயிடும்.”

“இப்ப எதுக்கு லாத்தா? கையெழுத்துப் போட்டுட்டு நிதானமாப் பேசலாமே.”

“ஒரு நிமிசம்டா.”

ஜுல்ஃபிகர் எழுந்து பாதி நின்றான், பாதி உட்கார்ந்தான். அதை அப்போது பல்கீஸ் கவனிக்கவில்லை.

பாரியின் மனைவி சைதா முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

“அல்லாவே, நூறு வயசு உங்களுக்கு! நானே பேசணும்னு இருந்தேன். இவங்கதான் வேணாம் வேணாம்னு தடுத்துட்டாங்க.”

“இல்ல சைதா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்…”

“என்ன தப்பு? நீங்க செஞ்சது பெரிய மனசு! வேணாம் வேணாம்னு ஜமாத்துல அப்படிப் பேசிட்டு, சத்தமே இல்லாம நாப்பது லட்சத்த அனுப்பி வச்சீங்களே, எங்க நாத்தனா மருமக வீட்டுலகூட இவ்வளவு கைக்கூலி வரல. உண்டியல்காரங்க ஆள் மூலமா வந்து சேந்த அன்னைக்கே பேங்க்ல போட்டாச்சு. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு உங்க தம்பி சொன்னாராம். நான் மூச்சு விடல. என் தங்கச்சிகிட்ட மட்டும்தான் சொன்னேன்.”

பல்கீஸ் போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

“எப்ப வந்துச்சு சைதா?”

“போன ஜும்மாவுக்கு முந்தின நாள். ஏன், உங்களுக்குத் தெரியாதா? அதுலதான் மாஹிருக்குப் பெரம்பூர்ல ஃப்ளாட் ஒண்ணுக்கு முன்பணம் கட்டியாச்சு. ரெண்டு பெட்ரூம். இன்ஷாவுக்குப் பிடிக்கும்.”

“சரி சைதா. அப்புறம் பேசுறேன்.”

லெட்டரில் போட்டிருந்த தேதி போன ஜும்மா. காசு வந்த மறுநாள். அந்தத் தேதிக்குத்தான் சென்னை பேங்க் புஷ்பலதாவுக்கு ஆமாம் சொன்னது.

பல்கீஸ் தம்பியைப் பார்த்தாள். அவன் மெல்லுவதை நிறுத்தியிருந்தான். விரலில் தேங்காய்ப்பிசுக்கு ஒட்டியிருந்தது. ஒரு பழக்கத்தில் அதை நக்கினான். பல்கீஸ் இனிப்புப் பெட்டியை இழுத்து மூடினாள்.

“எவ்வளவு அனுப்புன ஜுல்ஃபி?”

“எங்க லாத்தா?”

“எங்கன்னு கேக்குறியா? நாப்பதா, அதுக்கு மேலயா?”

ஜுல்ஃபிகர் தரையைப் பார்த்தான். “நாப்பதுதான்.”

“ஏது காசு?”

“பயின்நவுங்ல உளுந்து குடுத்த மூட்டைக்காரங்களுக்குக் குடுக்க வச்சிருந்தது.”

“குடுத்தாச்சுன்னு சொன்னியே?”

“குடுத்துடுவேன்னுதான்… லாத்தா, நான் சொல்றதக் கேளுங்க. அது காட்டுறதுக்குத்தான் அனுப்பினேன். ரெண்டே நாள். அவருகிட்ட காசு இல்லாம இல்ல, கொஞ்சம் வேற சரக்குல முடங்கிக் கெடக்கு. நீங்களோ எல்.சி, எல்.சி-ன்னு ஒத்தக் கால்ல நின்னீங்க. கல்யாணம் நின்னுடுமோன்னு பயமா இருந்துச்சு. அவர் சொன்னாரு, கொறையிற நாப்பதக் கணக்குல காட்டினா பேங்க்ல லெட்டர் வாங்கிடலாம், வாங்கினதும் திருப்பி அனுப்பிடுறேன்னு.”

“திருப்பிக் கேட்டியா?”

“கேட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

அவன் விரலைச் சட்டையில் துடைத்தான்.

“சொல்லுடா.”

“சிரிச்சாரு. பொண்ணு வீட்டுலேர்ந்து வந்த காசத் திருப்பி அனுப்பினா அவமானம் உங்களுக்குத்தான், வீட்டுல பொம்பளைங்ககிட்ட கைக்கூலின்னு சொல்லியாச்சுன்னு…”

“இது எப்ப?”

“திங்கக்கிழம.”

திங்கட்கிழமையே தெரிந்திருக்கிறது. அதற்கப்புறமும் இன்று காலை அந்த வாயாலேயே, எந்த வீட்டில் சம்பந்தியிடம் பேங்க் விசாரணை நடத்துவார்கள் என்று கத்தியிருக்கிறான். அவள் மகளிடம் கத்தியிருக்கிறான். அவள் வாங்கி வந்த இனிப்பைத் தின்றுகொண்டே கையெழுத்துக் கேட்டிருக்கிறான்.

“அதுக்கப்புறமுமா பி.எல் அனுப்பச் சொன்ன?”

“சரக்கு போயிட்டா வித்துட்டு எல்லாத்தையும் சேத்துக் குடுத்துடறேன்னாரு லாத்தா. அப்ப இந்த ஓட்டையும் அடைபட்டுடும். உங்களுக்குத் தெரியாமலே…”

“எனக்குத் தெரியாமலே.” பல்கீஸ் எழுந்து மூலையில் இருந்த குழாயைத் திறந்தாள். தண்ணீர் வரவில்லை. குடத்தில் இருந்ததை மொண்டு வாயைக் கொப்பளித்தாள். முகத்தில் அடித்தாள். ஆத்திரம் வந்திருந்தால் தேவலை. கத்தியிருப்பாள், அழுதிருப்பாள். இது அது இல்லை. அழுகின முட்டையைக் கையில் உடைத்துவிட்டால் எத்தனை தடவை கழுவினாலும் வாடை போகாதே, அப்படி இருந்தது அவளுக்கு.

தன் காசைத் தனக்கே காட்டியிருக்கிறார்கள். அது உண்மையா என்று அவள் ஊர் விட்டு ஊர் கேட்டு, ஆமாம் என்று பதில் வாங்கி, வெட்கப்பட்டு, மன்னிப்புக் கேட்கப் போன் போட்டிருக்கிறாள். அதற்குள் அதே காசு அவள் வேண்டவே வேண்டாம் என்ற கைக்கூலியாகி, பெரம்பூரில் ஒரு ஃப்ளாட்டாகவும் ஆகிவிட்டது. ஜமாத்தில் கட்டிப் பிடித்துப் பாராட்டு வாங்கிய மனிதர், அந்தப் பாராட்டையும் வைத்துக்கொண்டார், காசையும் வைத்துக்கொண்டார்.

“சீ.”

அவ்வளவுதான் அவள் வாயிலிருந்து வந்தது.

ஜன்னலோரத்திலிருந்து இன்ஷா மெதுவாகக் கேட்டாள். “மாமா, நாப்பது லட்சம்னா நான் எத்தன கண்டெய்னர்?”

“இன்ஷாம்மா, நான் உனக்காகத்தான்…”

“ரெண்டா? ரெண்டரையா? கணக்குல நீங்க புலியாச்சே, சொல்லுங்க.”

ஜுல்ஃபிகருக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்தைந்து வயது மனிதன் விசும்பி அழுதான். பல்கீஸ் அவனைப் பார்க்கவில்லை. சின்ன வயதில் அவன் அழுதால் முதலில் ஓடுவது அவள்தான். இன்று அவளுக்குக் கால் நகரவில்லை.

*

ஜுல்ஃபிகரின் போன் அடித்தது. பாரி. பல்கீஸே எடுத்தாள்.

“மாப்ள, கூரியர் வந்துட்டானா?”

“நான் பல்கீஸ் பேசுறேன்.”

உடனே குரலில் தேன். “சம்பந்தியா! சைதா சொன்னா நீங்க பேசினீங்கன்னு. பேங்க்ல விசாரிச்சீங்களாமே, திருப்திதானே?”

“ரொம்பத் திருப்தி. எங்க காசு பத்திரமா இருந்துச்சுன்னு உங்க பேங்க் எழுதிக் குடுத்துச்சு.”

“குடும்பத்துக்குள்ள எங்க காசு, உங்க காசுன்னு பிரிக்கலாமா? நான் கேக்கலியே சம்பந்தி. நீங்களா அனுப்பினீங்க.”

“நான் அனுப்பல.”

“உங்க தம்பி அனுப்பினா நீங்க அனுப்பின மாதிரிதான். ஜமாத்துல நாலு பேருக்குத் தெரிஞ்சா, கைக்கூலி குடுத்துட்டுத் திருப்பிக் கேட்ட வீடுன்னு உங்களத்தான் பேசுவாங்க. பொம்பளப் புள்ளைய வச்சிருக்கீங்க.”

“பி.எல்-ஐ என் பேங்க் வழியா உங்க பேங்குக்கு அனுப்புறேன். முழுக் காசையும் கட்டிட்டு எடுத்துக்குங்க. நாப்பதக் கழிச்சுக்கிட்டுக் கட்டக் கூடாது, அது தனியா எனக்கு வர வேண்டியது.”

“கப்பல் வந்து எறங்கினா துறைமுகத்துல நாளுக்கு நாள் வாடகை ஏறும். யோசிச்சுப் பேசுங்க.”

“ஏறட்டும். உளுந்து புழுத்தா கொட்டிடலாம். வேற ஆளுக்கு வித்தாலும் விப்பேன்.”

போனை மேசையில் வைத்தாள். வேறு ஆளுக்கு விற்றால் விலை அடிபடும். பயின்நவுங் மூட்டைக்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். அவர்களுக்குக் கொடுக்க இந்த மாடியை விற்க வேண்டி வரலாம். அதெல்லாம் தெரிந்துதான் பேசினாள்.

கீழே தெருவிலிருந்து கூரியர்காரன் குரல் கொடுத்தான். இன்ஷா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, இன்றைக்கு ஒன்றும் இல்லை என்று பர்மிய மொழியில் சொல்லி அனுப்பிவிட்டாள்.

பல்கீஸ் பி.எல்-ஐ கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். பேங்க் மூடுவதற்குள் போக வேண்டும்.

“லாத்தா, நானும் வரட்டுமா?”

“வேணாம். நீ பயின்நவுங் போ. யார் யாருக்குக் குடுக்கலியோ அவங்க மூஞ்சிக்கு நேரா நின்னு, குடுக்கலன்னு நீயே சொல்லு.”

புஷ்பலதா காகிதங்களை வாங்கிச் சரிபார்த்து, பல்கீஸிடம் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தினாள். எதுவும் விசாரிக்கவில்லை. பல்கீஸின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கப் லபெயே மட்டும் வரவழைத்தாள். பல்கீஸால் அந்த டீயைக் குடிக்க முடியவில்லை.

திரும்பி வந்தபோது கரண்ட் வந்திருந்தது. இன்ஷா தனியாக உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

“மாஹிருக்குப் போன் பண்ணினேன் உம்மா.”

பல்கீஸ் நின்றாள்.

“கைக்கூலி வந்தது உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டேன். தெரியும்னாரு. உங்க வீட்டுல ஆசப்பட்டுக் குடுத்தாங்கன்னு வாப்பா சொன்னாங்க, நானும் நம்பிட்டேன்னாரு. அது ஏமாத்தி வாங்கினதுன்னு நான் சொன்னேன்.”

“அப்புறம்?”

“ஃப்ளாட்ட வேணாம்னு சொல்லி முன்பணத்தத் திருப்பி வாங்கித் தர்றேன், வாப்பாவுக்குத் தெரியாம செய்யணும், கொஞ்சம் டைம் குடுன்னாரு.” இன்ஷா மூக்கை உறிஞ்சினாள். “நெஜமாத்தான் சொல்றாரா உம்மா? இல்ல, இவரும் டைம் வாங்குறாரா? எனக்கு ம தீ பூ உம்மா. ஒண்ணுமே தெரியல.”

பல்கீஸ் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஒரு கணக்கில் காசு இருக்கிறதா என்று கேட்டுச் சொல்ல பேங்க் இருக்கிறது. வாப்பா வேண்டாம் என்று ஊருக்கு முன்னால் சொன்ன காசு வீட்டுக்கு வந்தபோது, ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்காதவன் மாஹிர். இப்போது கேட்டதும் திருப்பித் தருகிறேன் என்கிறவனும் அவன்தான்.

“நீங்களா இருந்தா என்ன செய்வீங்க உம்மா?”

பல்கீஸால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் உங்களைக் கேட்கிறேன். பெண் பிள்ளையைக் கட்டிக்கொடுத்தவர்கள், கட்டிக்கொடுக்கப் போகிறவர்கள், கைக்கூலி கொடுத்து மனசு நொந்தவர்கள், வாங்கிவிட்டு வெட்கப்பட்டவர்கள் யாராக இருந்தாலும் சரி. மாஹிருக்கு இன்ஷா டைம் கொடுக்கலாமா, கூடாதா? கொடுக்கலாம் என்றால் எதை நம்பி? கூடாது என்றால் அவளிடம் அதை எப்படிச் சொல்வது? ஒரு வரி போதும். தயவுசெய்து எழுதுங்கள்.